ஓட்டை போட்ட பன்னுக்கு இவ்வளவு அலட்டலா? முட்டை, ஹாம், பேகல்

கேள்வி: 2025 மார்ச் 1, இரவு 10.20, கொருக்குப்பேட்டை வாசகர்

போன வாரம் பையன் பிறந்தநாளுக்கு ஒரு மாலுக்குப் போனோம். முட்டை, ஹாம், சீஸ் வைத்த பேகல் ஒன்று 260 ரூபாய். ஆசைப்பட்டு வாங்கிக் கடித்தால் தாடை வலி கண்டதுதான் மிச்சம். எங்கள் தெருமுனை டீக்கடையில் பன்னைப் பிளந்து டபுள் ஆம்லெட் வைத்துத் தருகிறார், 40 ரூபாய்தான். பேகல் என்பது நடுவில் ஓட்டை போட்ட பன், அவ்வளவுதானே? வீட்டில் செய்து பார்த்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: மார்ச் 2, காலை 8.05

இல்லை, பன் இல்லை. பன் மாவில் பால், சர்க்கரை, வெண்ணெய் அல்லது டால்டா எல்லாம் சேரும், மாவும் தளதளவென்று இருக்கும். பேகலுக்கு மைதா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட், கொஞ்சம் இனிப்பு, அவ்வளவுதான். மாவு பூரி மாவு மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். முக்கியமான விஷயம், ஓவனில் வைப்பதற்கு முன் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுப்பது. மேல் பக்கத்து மாவு அந்தச் சூட்டில் வெந்து தோல் மாதிரி கட்டிக்கொள்ளும். அதனால் ஓவனில் பன் போல உப்பாது, உள்ளே நெருக்கமாகவே இருக்கும். உங்கள் தாடை வலித்தது அதனால்தான். இல்லையென்றால் அது காலையில் சுட்டதை ராத்திரி விற்றிருப்பார்கள்.

நான் ஏன் இதில் இறங்கினேன் என்றால், எனக்கு வேலை எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில். பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து 5.45க்குக் கிளம்புகிறேன். எண்ணூர் விரைவுச் சாலையில் லாரி வரிசை நின்றுவிட்டால் காலைச் சாப்பாடு வண்டியிலேயேதான். மனைவி கட்டித் தரும் பன் ஆம்லெட் ஃபாயிலுக்குள் வியர்த்து, பிரிக்கும்போது அடிப்பக்க பன் ஈரத்துணி மாதிரி கையோடு வரும். பேகல் அப்படி ஊறிப்போகவில்லை. இதை முதலில் நம்பாமல் மூன்று தடவை கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

யூதர்களின் காலைச் சாப்பாடு இது, முட்டையும் ஹாமும் வைத்து நிறைவாகச் சாப்பிடுவார்கள். செய்முறையை அப்புறம் எழுதுகிறேன், சந்தைக்குப் போகணும்.

மார்ச் 2, இரவு 9.40

காலையில் எழுதியதில் கடைசிப் பத்தி தப்பு. இரண்டு பேர் சுட்டிக்காட்டிவிட்டார்கள், நியாயம்தான். பேகல் யூதர்களுடையது, ஹாம் பன்றியின் தொடைக்கறி. யூத மதச் சட்டப்படி பன்றி கூடவே கூடாது. போதாததற்கு, கறியையும் பாலில் செய்த பொருளையும் சேர்த்துச் சாப்பிடுவதும் கூடாது. ஆக ஹாம், சீஸ் வைத்த பேகல் ஒரே கடியில் இரண்டு விலக்கை மீறுகிறது. அவர்கள் வழக்கம் கிரீம் சீஸும் உப்பில் ஊறிய சால்மன் மீனும். முட்டை, ஹாம் வைப்பது அமெரிக்கர்கள் அப்புறம் செய்த வேலை.

பேகல் என்ற சொல் போலந்தின் கிராகோவ் நகரத்து யூத சமூக விதிகளில் 1610இல் வருகிறது. பிள்ளை பெற்ற வீட்டுக்குக் கொடுக்கும் பொருள்களில் ஒன்றாக எழுதியிருக்கிறார்கள். நம் ஊரில் பூண்டுக் குழம்பு, அவர்கள் ஊரில் ஓட்டை ரொட்டி.

ஒருவர், "நம் பவளக்காரத் தெருவிலேயே யூதர்கள் இருந்தார்களே, அப்போதே பேகல் வந்திருக்குமோ" என்று கேட்டார். கேட்க நன்றாக இருக்கிறது. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டில் மதராசில் பவளம் கொண்டுவந்து வைரம் வாங்கிப்போன யூத வணிகர்கள் இருந்தது உண்மை. ஆனால் அவர்கள் போர்ச்சுகல் வழி வந்து லண்டனிலும் இத்தாலியிலும் வியாபாரம் செய்தவர்கள். பேகல் போலந்துப் பக்கத்து ஆட்களின் ரொட்டி. ஆசைக்காக ஜார்ஜ் டவுனில் பேகல் சுட்டார்கள் என்று நான் எழுத மாட்டேன்.

மார்ச் 4, இரவு 11

அளவு கேட்டவர்களுக்கு. ஆறு பேகல் வரும்.

மைதா 400 கிராம், தண்ணீர் 225 மில்லி, உப்பு 8 கிராம், நாட்டுச்சர்க்கரை ஒன்றரை மேசைக்கரண்டி, உடனடி ஈஸ்ட் 3 கிராம். அமெரிக்காவில் இதற்கென்று புரதம் கூடின மாவு வைத்திருக்கிறார்கள், நம் கடை மைதாவில் அவ்வளவு இல்லை. குளூட்டன் பவுடர் கிடைத்தால் ஒரு மேசைக்கரண்டி சேருங்கள். கிடைக்கவில்லையென்றால் விடுங்கள், கொஞ்சம் மெதுவாக வரும், அவ்வளவுதான்.

கையால் 12 நிமிடம் பிசைய வேண்டும். கை வலிக்கும். வலிக்கவில்லையென்றால் தண்ணீர் கூடிவிட்டது.

மார்ச் 9, காலை 6.30

சொதப்பல். ராத்திரி பிசைந்து, வளையம் செய்து, இட்லி மாவை வைக்கிற மாதிரி சமையல் மேடையிலேயே மூடி வைத்துவிட்டேன். காலையில் ஆறும் ஒன்றோடு ஒன்று ஒட்டி, ஓட்டை மூடி, அப்பம் மாதிரி படர்ந்து கிடந்தன. தண்ணீரில் போட்டதும் சுருங்கிப்போய் கிழவியின் கன்னம் மாதிரி ஆகிவிட்டது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "வடை சுடப் போறேன்னு சொல்லிட்டு ஊத்தப்பம் சுடுறியேடா" என்றார்.

நம் ஊர் அடுக்களைச் சூட்டில் ஈஸ்ட் பேய் மாதிரி வேலை செய்யும். வளையம் செய்து இருபது நிமிடம் வெளியே, அப்புறம் நேராக ஃப்ரிட்ஜ், பத்துப் பன்னிரண்டு மணி நேரம். குளிரில் மெதுவாகப் புளிப்பதால் வாசனையும் கூடும். காலையில் ஒன்றை எடுத்துத் தண்ணீர்ப் பாத்திரத்தில் போடுங்கள். மிதந்தால் தயார். மூழ்கினால் இன்னும் அரைமணி வெளியே வையுங்கள்.

மார்ச் 9, காலை 6.50

எழுத விட்டுப்போனது: மூடுகிற துணிக்குப் பதில் எண்ணெய் தடவிய தட்டு. துணியில் ஒட்டிக்கொண்டால் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

மார்ச் 10, மதியம் 1.15

ஓட்டை எப்படிப் போடுவது என்ற கேள்விக்கு: மெதுவடை தட்டத் தெரிந்தால் பாதி வேலை தெரியும். உருண்டை பிடித்து நடுவில் கட்டைவிரலைக் குத்தி, இரண்டு விரலைக் கோத்துச் சுற்றிச் சுற்றிப் பெரிதாக்குங்கள். வேண்டும் என்று தோன்றுவதைவிட இரண்டு மடங்கு பெரிய ஓட்டையாக இருக்கட்டும், வேகும்போது சுருங்கிவிடும். ஓட்டை எதற்கு என்றால் வடைக்கு எதற்கோ அதற்குத்தான், நடுப்பகுதி வேக. கூடவே, அந்தக் காலத்தில் குச்சியில் கோத்து விற்க வசதி.

மார்ச் 16, காலை 9

தண்ணீர் விவகாரம். நியூயார்க்கில் பேகல் நன்றாக இருப்பது அந்த ஊர்த் தண்ணீரால்தான் என்று ஒரு பேச்சு உண்டு. மென்மையான தண்ணீராம். இதைப் படித்துவிட்டு நம் ஆள் ஒருவர், "அப்படியென்றால் வடசென்னையில் வாய்ப்பே இல்லை" என்று எழுதிவிட்டார்.

மூன்று தண்ணீரிலும் செய்து பார்த்தேன். போர் தண்ணீரில் பிசைந்தது மாவு விறைத்துக்கொண்டு உப்புக் கரித்தது. வேண்டாம். கேன் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் ஒரே மாதிரி வந்தன, கண்ணை மூடிக்கொண்டு தின்றால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. வடசென்னைக் குழாய்த் தண்ணீர் என்றால் அதில் கடலும் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்தார்கள், நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் எடுக்கிற அளவு. வங்காள விரிகுடாவில் வெந்த பேகல் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

வேகவைக்கிற தண்ணீரில் நியூயார்க்கில் பார்லி மால்ட் பாகு ஊற்றுவார்கள். கனடாவின் மான்ட்ரியலில் தேன். நான் போடுவது கருப்பட்டி, இரண்டு லிட்டருக்கு ஒரு சின்ன வில்லை, கூடவே அரைக்கரண்டி ஆப்பசோடா. சோடா போட்டால் ஓவனில் நிறம் சீக்கிரம் ஏறும். ஒரு பக்கம் 45 விநாடி, திருப்பிப் போட்டு 45 விநாடி, ஜல்லிக்கரண்டியில் எடுத்து எள் தூவி 220 டிகிரியில் 20 நிமிடம். என் ஓடிஜி ஓவனில் பின்பக்கம் சூடு அதிகம், பாதியில் தட்டைத் திருப்புகிறேன்.

மார்ச் 16, காலை 9.30

சோடா அரைக்கரண்டி என்றது டீ குடிக்கிற கரண்டி. ஒருவர் குழம்புக் கரண்டியில் போட்டுவிட்டு சோப்பு வாசனை என்கிறார். மன்னிக்கவும்.

மார்ச் 23, காலை 10.45

இப்போது ஹாம். இங்கேதான் நிறையப் பேர் காசைக் கரியாக்குகிறார்கள்.

பன்றியின் பின்தொடையை உப்பில் ஊறவைத்து, புகை போட்டு அல்லது வேகவைத்து விற்பது ஹாம். கோல்டு ஸ்டோரேஜ் கடையில் 200 கிராம் பாக்கெட்டாக வருகிறது. வாங்கும்போது பாக்கெட்டைச் சாய்த்துப் பாருங்கள். மூலையில் தண்ணீர் ஓடினால் ஊசியால் உப்புத்தண்ணீரை ஏற்றி எடை கூட்டியது என்று அர்த்தம். அதை தோசைக்கல்லில் போட்டால் வறுபடாது. முதலில் வெள்ளையாக நுரைக்கும், அப்புறம் தன் தண்ணீரிலேயே கொதிக்கும், கடைசியில் ரப்பர். நான் துண்டுகளை ஒரு டிஷ்யூவில் விரித்து இன்னொரு டிஷ்யூவால் ஒற்றி எடுக்கிறேன். ஓரத்தில் கொழுப்பு விளிம்பு இருந்தால் அது சூட்டில் சுருங்கித் துண்டைக் கிண்ணம் மாதிரி குழித்துவிடும், கத்தியால் ஓரத்தில் இரண்டு கீறல் போட்டால் படுத்துக்கொள்ளும். எண்ணெய் வேண்டாம். காய்ந்த கல்லில் ஒரு பக்கம் 40 விநாடி. ஓரம் செம்பழுப்பாகும்போது இனிப்பும் புகையும் சேர்ந்த ஒரு வாசனை கிளம்பும், அப்போது எடுத்துவிடுங்கள். இரண்டு துண்டு போதும். முதல் தடவை ஐந்து வைத்துவிட்டு நாள் முழுக்கத் தண்ணீர் குடித்தேன்.

இந்த இடத்தில் பெரம்பூர் ஆன்ட்டியைச் சொல்லியாக வேண்டும். அப்பா லோகோ ஒர்க்ஸில் வேலை பார்த்தபோது பழக்கமான ஆங்கிலோ இந்தியக் குடும்பம். இராயபுரம் ஸ்டேஷன் 1856, பெரம்பூர் ஒர்க்ஷாப்பும் அந்தக் காலத்துதான், ரயில்வே வந்த இடத்தில் அவர்களும் வந்தார்கள், கூடவே ஹாமும் வந்தது. நம் ஊருக்கு ஹாம் மால் வழியாக வரவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முன் அவர் வீட்டில் ஒரு முழுத் தொடையை முள்கரண்டியால் குத்திக் குத்தி, உப்பு, சர்க்கரை, எலுமிச்சை, ஒரு சிட்டிகை வெடியுப்பு தேய்த்து நாள்கணக்கில் ஊறவைப்பார்கள். வெந்த பிறகும் கறி ரோஜா நிறத்தில் இருப்பது அந்த வெடியுப்பின் வேலை. பாக்கெட் ஹாமில் அதே வேலையை சோடியம் நைட்ரைட் செய்கிறது.

வீட்டில் வெடியுப்பு வாங்கி முயற்சி செய்யலாமா என்று கேட்காதீர்கள். அளவு தப்பினால் விஷம்.

மார்ச் 23, இரவு 8

ஆன்ட்டியிடம் போனில் பேசினேன். "எலுமிச்சை எல்லாம் சால்ட் பீஃபுக்கு மேன், ஹாமுக்கு இல்லை" என்று திட்டு விழுந்தது. திருத்திக்கொள்கிறேன். தவக்காலம் என்பதால் வெள்ளிக்கிழமை கறி தொடமாட்டாராம், ஈஸ்டருக்கு ஆறு பேகல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 30, மாலை 5

"உங்கள் வீட்டில் பன்றிக்கறி சமைக்க விடுவார்களா?" என்று கேட்டவருக்கு: விடவில்லை. பேரம் பேசி வாங்கினேன். அம்மாவின் தோசைக்கல்லைத் தொடக்கூடாது என்பது முதல் நிபந்தனை. தங்கசாலையில் ஒரு சின்ன இரும்புக்கல் வாங்கி, பால்கனியில் ஒற்றை பர்னர் அடுப்பில் வைத்திருக்கிறேன். அதற்கு வீட்டில் பெயர் "அவன் கல்லு". கீழ் வீட்டில் நோன்பு, அதனால் இந்த மாதம் பால்கனிக் கடை இல்லை. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் மனசு வரவில்லை. பிறை தெரிந்தால் நாளைக்குப் பெருநாள், பிரியாணி மேலே வரும், ஹாம் கீழே போகாது.

இந்த ஒரு மாதமும் சிக்கன் ஹாம் வைத்து ஓட்டினேன். சுமார். புகை வாசனை குறைவு, தோசைக்கல்லில் ஓரம் முறுகாது, உடைகிறது. மிளகு கூடப் போட்டுச் சமாளிக்கலாம்.

ஏப்ரல் 6, காலை 8.20

முட்டை. இரண்டு மாதமாக நான் தப்பாகச் செய்துகொண்டிருந்தது இதுதான்.

எனக்கு ஆஃப்பாயில் பிடிக்கும். ஆகவே ஆஃப்பாயிலை பேகலில் வைத்தேன். பேகலில் ஓட்டை இருக்கிறது என்பதை மறந்துவிட்டேன். லாரி வரிசையில் பைக்கை நிறுத்தி, ஃபாயிலைப் பிரித்து முதல் கடி கடித்ததும் மஞ்சள் கரு உடைந்து, பாத்திரத்தில் புனல் வைத்து ஊற்றுகிற மாதிரி ஓட்டை வழியாக நேராக யூனிஃபார்ம் சட்டையில் இறங்கியது. அன்றைக்கு முழுக்க கேட்டில் என்னைப் பார்த்தவனெல்லாம் "என்ன அண்ணே, மஞ்சத்தண்ணி விளையாட்டா?" என்றான்.

இப்போது செய்வது: இரண்டு முட்டை, ஒரு மேசைக்கரண்டி பால், மிளகுத்தூள். உப்பு கிடையாது, ஹாமிலும் சீஸிலும் இருப்பதே எக்கச்சக்கம். வெண்ணெய் உருகி நுரை அடங்கியதும் ஊற்றி, கல்லைச் சாய்த்து மெல்லிசாகப் பரப்புங்கள். மேலே இன்னும் பளபளவென்று ஈரம் இருக்கும்போதே நடுவில் ஒரு சீஸ் துண்டு, அதன்மேல் வறுத்த ஹாம். அப்புறம் நாலு பக்கத்தையும் தபால் உறை மாதிரி உள்ளே மடியுங்கள். ஒரு கனமான சதுரப் பொட்டலம் கிடைக்கும். ஓட்டையைக் கீழ்ப் பக்கமும் மேல் பக்கமும் முட்டையே மூடிவிடுகிறது. சீஸ் உருகி ஹாமையும் முட்டையையும் பசை போட்டு ஒட்டிவிடும், கடிக்கும்போது ஹாம் முழுசாக உருவிக்கொண்டு வராது.

முட்டையை ஒரு நிமிடம் முன்னதாகவே இறக்குங்கள். வெள்ளைக்கரு 62 டிகிரியிலேயே இறுகத் தொடங்கிவிடும், ஃபாயிலுக்குள் இருக்கும் சூடு மீதியைப் பார்த்துக்கொள்ளும். கல்லிலேயே முழுசாக வேகவைத்தால் எண்ணூர் போவதற்குள் ஸ்பாஞ்ச்.

ஏப்ரல் 6, இரவு 10

வீட்டில் தட்டில் வைத்துச் சாப்பிடுகிறவர் ஆஃப்பாயிலே வைத்துக்கொள்ளலாம். வழிந்ததைத் துண்டு பேகலால் துடைத்துச் சாப்பிடுவது தனிச் சுகம். நான் எழுதியது பைக்கில் போகிறவர்களுக்கு.

ஏப்ரல் 13, காலை 7.45

அடுக்கும் முறை. பேகலை ரம்ப வாய்க் கத்தியால் குறுக்கே அறுக்க வேண்டும், கையில் பிடித்து அறுக்காதீர்கள், மேடையில் வைத்து மேலே உள்ளங்கையை அழுத்திக்கொண்டு அறுங்கள். என் இடது கையில் தையல் இல்லை, ஆனால் தழும்பு இருக்கிறது. அறுத்த பக்கத்தை வெண்ணெய் தடவிக் கல்லில் கவிழ்த்து பொன்னிறமாக்குவது கட்டாயம். அந்த வறுபட்ட படலம்தான் ஈரத்தைத் தடுக்கிறது. மேல் பாதியில் உள்சதையைக் கொஞ்சம் சுரண்டி எடுத்தால் பொட்டலம் குழிக்குள் உட்காரும், வாயும் அவ்வளவு பெரிதாகத் திறக்க வேண்டாம். சுரண்டியதை அம்மா கட்லெட்டில் பிரட்டப் பயன்படுத்துகிறார்.

அப்புறம் வீட்டிலேயே பச்சை முட்டை, எண்ணெய், எலுமிச்சை அடித்த மயோனைஸ் ஒரு கரண்டி, கொஞ்சம் கடுகு விழுது. கட்டி முடித்ததும் ஃபாயிலில் உடனே சுருட்டாதீர்கள். இரண்டு நிமிடம் ஆவி போகட்டும், முதலில் ஒரு பேப்பர், அதன்மேல் ஃபாயில்.

ஏப்ரல் 20, இரவு 9.15

ஈஸ்டர். பெரம்பூர் போனேன். ஆன்ட்டி என் பேகலைத் தட்டிப் பார்த்து, "நல்லா கிராம்பு குத்தின ஹாமை இதுக்குள்ள போய் ஒளிச்சு வைக்கணுமா" என்றார். அப்புறம் கை தடிமனுக்கு வெட்டிய ஒரு துண்டை வைத்து, கடுகு விழுதைப் பூசி, முட்டையே இல்லாமல் முழுசாகச் சாப்பிட்டார். பாக்கெட் ஹாமைப் பற்றி நான் மார்ச்சில் எழுதியதெல்லாம் ஒன்றுமில்லை. இதற்கு நார் இருக்கிறது, பல்லுக்கு வேலை இருக்கிறது, பேகலோடு மல்லுக்கு நிற்கிறது. மெல்லிய ஹாம் பேகலுக்குள் தொலைந்துபோகிறது என்பது அங்கேதான் புரிந்தது. அதனால் இனிமேல் மெல்லிய துண்டு என்றால் இரண்டு இல்லை, மூன்று, அதுவும் மடித்து வைக்க வேண்டும். மேலே "இரண்டு போதும்" என்றதை அடித்துவிடுங்கள்.

ஏப்ரல் 25, காலை 6.10

அவசரத் திருத்தம். பச்சை முட்டை மயோனைஸை தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது, செய்தி நேற்றுதான் கண்ணில் பட்டது. தயாரிப்பதும் விற்பதும்தான் தடை, என் அடுக்களைக்கு யாரும் வரப்போவதில்லை. ஆனால் காரணம் சால்மொனெல்லா கிருமி, அதற்கு என் அடுக்களையும் ஒன்றுதான். இந்த வெயிலில், ஃபாயிலில், ஒரு மணி நேரம் பைக் பெட்டியில். யோசித்தால் எனக்கே வயிற்றைக் கலக்குகிறது. 13ஆம் தேதிக் குறிப்பில் அந்த வரியை விட்டுவிடுங்கள்.

பதிலுக்கு நான் வைப்பது அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடையிலிருந்து சுட்ட யோசனை. பீச் ஸ்டேஷன் எதிரே முட்டை பேஜோ சாப்பிட்டிருப்பீர்கள், அவித்த முட்டையைக் கீறி உள்ளே வறுத்த வெங்காயமும் பூண்டும் திணித்துப் புளித்தண்ணீர் ஊற்றித் தருவார்கள். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்து வியாசர்பாடிப் பக்கம் குடியேறியவர்கள் கொண்டுவந்த ருசி. அந்த வறுத்த வெங்காயத்தை ஒரு கைப்பிடி நொறுக்கி, வெண்ணெயில் குழைத்து, நாலு சொட்டுப் புளிக்கரைசல் விட்டுப் பேகலில் பூசினேன். ஹாமின் உப்புக்கு அந்தப் புளிப்பு சரியாகப் போய் உட்கார்ந்தது. மயோனைஸை இப்போது தேடுவதேயில்லை.

ஏப்ரல் 27, மதியம் 12

சம்பந்தமில்லாத விஷயம், நீக்குவதென்றால் நீக்குங்கள். நியூயார்க்கில் பேகல் சுடுகிறவர்களுக்கென்றே ஒரு தொழிற்சங்கம் இருந்தது, லோக்கல் 338. கையால் வளையம் போடத் தெரிந்தவர்கள், வேலைநிறுத்தம் செய்தால் ஊருக்கே பேகல் கிடையாது. 1960களில் மெஷின் வந்தது, சங்கத்தின் பிடி தளர்ந்தது. இன்றைய தேதியில்தான் 1918இல் நம் பெரம்பூர் பின்னி மில் தொழிலாளர்களுக்காக சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கினார்கள். தாத்தா அந்த மில்லில்தான் இருந்தார். மாவு பிசையும்போது இதெல்லாம் நினைவுக்கு வருகிறது, 12 நிமிடத்துக்கு வேறு என்ன செய்வது.

மே 4, காலை 9.30

கேட்டவருக்கு நேர்ப் பதில் சொல்லவே இல்லை என்று அவரே வந்து குறை சொல்லியிருக்கிறார். இந்த வாரம் ஒரு சோதனை செய்தேன். அதே ஆம்லெட் பொட்டலம், அதே ஹாம். ஒரு நாள் டீக்கடை பன்னில், ஒரு நாள் பேகலில்.

செய்த உடனே சாப்பிட்டால் பன்தான் நன்றாக இருந்தது. நான் இதை எழுத வேண்டி வரும் என்று நினைக்கவில்லை. மென்மையான பன், சூடான முட்டை, தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகிறது, பேகலை மென்று முடிப்பதற்குள் முட்டை ஆறிவிடுகிறது. ஒரு மணி நேரம் கழித்துப் பிரித்தால் கதை மாறுகிறது. பன்னின் அடி கிழிந்து ஹாம் கையில் தொங்கியது, பேகல் அப்படியே இருந்தது. வயிறும் பன்னுக்கு ஒன்பதரைக்கே கேட்டது, பேகலுக்குப் பதினொன்றரை வரை தாங்கியது. அதனால் உங்கள் தெருமுனையிலேயே நின்று சாப்பிடுகிறவர் என்றால் 40 ரூபாயே சரி. என் கணக்கில் வீட்டு பேகல், ஹாம், சீஸ், இரண்டு முட்டை எல்லாம் சேர்த்து எழுபது ரூபாய் சொச்சம், கேஸும் கரண்டும் தனி.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் முட்டை, கறி வைத்ததை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக்கூடாது. போன மாதம் வரிசை நகராமல் பத்தரைக்குச் சாப்பிட்டுவிட்டு இரண்டு நாள் லீவு போட்டேன். இப்போது வரிசை தெரிந்தாலே உடனே பிரித்துவிடுகிறேன். இன்னொன்று, உப்பும் நைட்ரைட்டும் சேர்ந்த பதப்படுத்திய கறியை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. தினமும் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்பது அவர்கள் கணக்கு. இது தெரிந்தபின் ஹாம் வாரத்துக்கு ஒரு நாள். மற்ற நாள் முட்டை, வறுத்த வெங்காயம் மட்டும்.

மே 4, காலை 9.50

ஆமாம், மார்ச்சில் "பன் இல்லை" என்று அடித்துப் பேசியது நான்தான். பன் இல்லை என்பதை இப்போதும் சொல்கிறேன். பன்னைவிட மேல் என்று சொன்னேனா? போய்ப் பார்த்தேன், சொல்லவில்லை. ஆனால் அந்தத் தோரணை இருந்தது.

மே 8, இரவு 11.20

மீந்ததை ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் கல். அறுத்து, ஃப்ரீசரில் போட்டு, காலையில் நேராகக் கல்லில் கவிழ்த்துச் சூடாக்குங்கள். முழுசாக ஃப்ரீசரில் போட்டால் அறுக்க ரம்பம் வேண்டும், அனுபவம்.

மே 11, காலை 10.30

மீன்பிடித் தடைக்காலம், காசிமேட்டில் பெரிய மீன் கண்ணில் படவில்லை, இருப்பதும் தொடமுடியாத விலை. நேற்று ராத்திரி அம்மா வாளைக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார். காலையில் ஆறு பேகலை எடுத்து ஆறவைத்துவிட்டு ஹாம் வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் தட்டில் ஐந்துதான் இருந்தன. அம்மா தரையில் உட்கார்ந்து ஒன்றைப் பிய்த்துப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதமாகத் தொடாதவர்.

"எப்படிம்மா இருக்கு?"

"ரொட்டி கெட்டியா இருக்கு, குழம்புல போட்டாலும் கரையல. உப்பு கம்மி. அந்தப் பன்னி வாங்கிட்டு வந்தியா? வெளியில வை."

மாவில் உப்பு 8 கிராமிலிருந்து 9 ஆக்கியிருக்கிறேன். மேலே அளவு எழுதி வைத்தவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.